சாம்பிளில் ஒரு மஞ்சள் கறை

2008-ஆம் ஆண்டு கோடையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, திருப்பூர் மண்ணரையில் நாங்கள் குடியிருந்த லைன் வீட்டில் நடந்தது இது.

நான் ஒரு பனியன் ஏற்றுமதிக் கம்பெனியின் ஆபீசில் வேலை பார்க்கிறேன். பேக்கிங் லிஸ்ட், இன்வாய்ஸ் எல்லாம் என் பொறுப்பு. என் கணவர் நிட்டிங் மெஷின் ஆபரேட்டர். எங்களுக்கு ஒரே மகள். அவினாசி பக்கம் ஒரு கல்லூரியில் பி.எஸ்ஸி. இயற்பியல் இறுதித் தேர்வை அந்த ஏப்ரலில்தான் எழுதி முடித்திருந்தாள். அவளோடு படித்த பெண்களில் பாதிப் பேர் மறுநாளே ஏதாவது கம்பெனிக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். இவள் மட்டும் தன் பேராசிரியரின் ஆய்வகத்தில் கோடைக்கால ஆராய்ச்சி என்று தினமும் பஸ் ஏறினாள்.

என்ன ஆராய்ச்சி என்று எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். கடைகளில் விற்கும் சோலார் தகடு விலை அதிகம். அதை மலிவாகச் செய்ய முடியுமா என்று உலகம் முழுக்கப் பார்க்கிறார்களாம். பெயிண்டில் கலக்கிற ஒரு வெள்ளைப் பொடியைக் குழைத்து, கண்ணாடித் துண்டின் மேல் கட்டைவிரல் நகம் அளவுக்குப் பூசி, உலையில் சுட வேண்டும். பிறகு அதை ஒரு கரைசலில் முக்கி அலசி, இன்னொரு கரைசலில் முக்கி அலசி, மறுபடி முதல் கரைசலில் முக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் வெள்ளையின் மேல் மஞ்சள் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அந்த மஞ்சள்தான் குவாண்டம் டாட் என்கிற துகள்கள். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள்தான் வெயிலைப் பிடித்து மின்சாரமாக்கும் என்றாள்.

முக்குவதும் அலசுவதும் சாயப் பட்டறைகள் நிறைந்த எங்கள் ஊருக்குப் புதிதல்ல. பக்கத்து வீட்டுக்காரி கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"அப்ப நீயும் டையிங் மாஸ்டர்தான்னு சொல்லு பிள்ள. அதான் சாயங்காலம் வரும்போது அழுகின முட்டை நாத்தம் நாறுத. எந்தப் பட்டறையில வேலை?"

"அது சல்பைடு நாத்தங்க அத்தை. குளிச்சாலும் போக மாட்டேங்குது."

"இந்த நாத்தத்தோட போனா உன்னை எவன் கட்டுவான்?"

"மூக்கடைச்சவனாப் பாருங்க."

இந்தப் பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். என் கணவரை அண்ணன் என்பாள். அந்த முறையில் நான் அவளுக்கு மதினி, என் மகளுக்கு அவள் அத்தை. அவள் கணவர் லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். நான் வேலை பார்க்கும் அதே கம்பெனியில் அவள் செக்கிங் செக்‌ஷன். தைத்து வரும் ஒவ்வொரு பீஸையும் விரித்துப் பார்த்து, நூல் பிசிறை வெட்டி, எண்ணெய்க் கறை, அழுக்குக் கறை இருந்தால் எடுத்து அனுப்புவது அவள் வேலை. பதினோரு வருடமாக அதே டேபிள்.

அந்தக் கோடையில் மின்வெட்டு ஓயவில்லை. கல்லூரி உலை பாதியில் அணைந்தால் கண்ணாடி மேல் பூச்சு வெடித்துவிடும். மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். "இன்னைக்கும் போச்சும்மா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்த நாட்கள் பல. ஒரு மாத உழைப்பில் தேறிய துண்டுகள் ஒரு ஸ்வீட் டப்பாவுக்குள் அடங்கின.

அந்தத் துண்டுகளில் மின்சாரம் எவ்வளவு வருகிறது என்று அளக்கும் கருவி கோயம்புத்தூரில் வேறொரு கல்லூரியில் இருந்தது. சூரியனைப் போலவே வெளிச்சம் தரும் விளக்கு அது. அவளுக்குத் திங்கட்கிழமை காலை நேரம் ஒதுக்கியிருந்தார்கள். அதை விட்டால் ஜூலையில்தான். வெளியூரில் எம்.எஸ்ஸி. படிப்புக்கான நேர்முகத் தேர்வோ ஜூன் நடுவில். அளந்த எண்ணோடு அறிக்கையைக் கொண்டுபோனால் இடம் கிடைக்கும் என்று பேராசிரியர் சொல்லியிருந்தார். இடம் கிடைக்காவிட்டால் எங்கள் கம்பெனியிலேயே ஆர்டர்களைக் கவனித்துக்கொள்ளும் ஜூனியர் மெர்ச்சண்டைசர் வேலை. என் கணவர் அதற்கும் ஏற்கெனவே சொல்லி வைத்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் குழாயடியில் நான் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது மகள் டப்பாவோடு வந்தாள். ஞாயிறு கல்லூரி பூட்டியிருக்கும் என்பதால் வீட்டுக்கே எடுத்து வந்திருந்தாள்.

"என்ன பிள்ள, பச்சைப் பிள்ளையத் தூக்குத மாதிரி டப்பாவைத் தூக்கிட்டு வார?" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

"சாம்பிள்ங்க அத்தை. திங்கக்கிழமை கோயமுத்தூர் போகுது. இது ஓகே ஆனாத்தான் என் படிப்பே."

"ஓகே ஆகும், ஓகே ஆகும். மாதாகிட்ட சொல்லுதேன்."

சாம்பிள் என்ற சொல்லுக்குத் திருப்பூரில் என்ன அர்த்தம் என்று வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. ஆர்டர் வருவதற்கு முன்னால் சரக்கு வாங்கும் வெளிநாட்டுப் பையருக்கு அனுப்புகிற முதல் பீஸ் அது. அது ஓகே ஆனால்தான் துணி ஓடும், தையல் ஓடும், ஆயிரம் பேருக்கு வேலை. சாம்பிளில் கடுகளவு கறை இருந்தாலும் ஆர்டர் போய்விடும் என்று செக்கிங்கில் சேர்ந்த முதல் நாளே சொல்லிக்கொடுப்பார்கள்.

அந்தச் சனிக்கிழமை எங்களுக்கு ஷிப்மென்ட். கன்டெய்னரை அனுப்பிவிட்டு வந்த எனக்கு ஞாயிறு மதியம் வரை உடம்பில் உயிர் இல்லை. கணவர் ஓவர்டைம் போயிருந்தார். அறிக்கையின் மற்ற பக்கங்களைப் பிரின்ட் எடுக்க மகள் டவுனுக்குக் கிளம்பினாள். டப்பாவை மேஜைமேல் வைத்து, உள்ளே ஈரம் கோத்துவிடும் என்று மூடியைக் கொஞ்சம் விலக்கி வைத்தாள். "அம்மா, அதைத் தொடாதே. மருந்து இருக்கு" என்றாள். சரி என்று சொல்லிவிட்டுத் தரையில் பாய் கூட விரிக்காமல் படுத்தேன்.

தின்னர் வாடையில்தான் விழித்தேன். கரண்ட் போயிருந்தது. பக்கத்து வீட்டுக்காரி எங்கள் வாசற்படியில் வெளிச்சத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். மாதா கோயிலுக்குக் கட்டிய நல்ல சேலையை மாற்றவில்லை. பக்கத்தில் மீன் குழம்புத் தூக்கு. மடியில் பனியன் வேஸ்ட் துணி, கையில் கம்பெனியில் கறை எடுக்கிற தின்னர் பாட்டில். ஒரு கண்ணாடித் துண்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கி, சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். துடைத்து முடித்தவற்றை ஒவ்வொன்றாகப் பாலிபேக்கில் போட்டு, வாயை மடித்து, வரிசையாக அடுக்கியிருந்தாள்.

"எந்திரிச்சிட்டீயளா மதினி? குழம்பு குடுக்க வந்தேன். பாத்தா சாம்பிள் பூராவும் மஞ்சக் கறை. இப்படியே அனுப்புனா பையர் தூக்கி மூஞ்சியில எறிஞ்சிருவான்லா? எடுத்து வைக்கட்டான்னு உங்ககிட்ட கேட்டேன், ம்னீய. நல்லா ஊறிப்போன கறை. தின்னருக்கு மசியல. நகத்தால சுரண்டித்தான் எடுத்தேன். இப்ப பாருங்க, முகம் பாக்கலாம்."

நான் "ம்" என்றேனாம். எனக்கு நினைவில்லை.

அந்தக் கண்ணாடிகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாலிபேக்கின் உள்ளே பளபளவென்று வெறும் கண்ணாடி. கத்த வேண்டும் என்று தோன்றியது. அவள் முகத்தில் வேலையைச் சுத்தமாக முடித்த திருப்தி. அந்த முகத்தைப் பார்த்து எங்கிருந்து தொடங்குவது? சுவரில் சாய்ந்து உட்கார்ந்தேன். டப்பாவை இழுத்துப் பார்த்தேன். அவள் கைபடாமல் மூன்று துண்டுகள் அடியில் கிடந்தன. அவற்றை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டேன்.

"என்ன மதினி, ஒண்ணும் சொல்ல மாட்டேங்கீய? இன்னும் மூணுதான் பாக்கி."

அப்போதுதான் மகள் உள்ளே வந்தாள். பாலிபேக்கைப் பார்த்தாள், துணியைப் பார்த்தாள். இவளுக்கு என்ன சமாதானம் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருக்க, அவள் பையை அப்படியே போட்டுவிட்டு அத்தையின் இரண்டு கைகளையும் பிடித்துத் திருப்பினாள். நகக்கண் முழுக்க மஞ்சள்.

"அத்தை, இந்தக் கையை வாயில வெச்சீங்களா?"

"எதுக்கு கேக்க?"

"வெச்சீங்களா இல்லையா, சொல்லுங்க."

"கறைன்னா முதல்ல எச்சில் தொட்டுத்தானே தேப்போம்? எண்ணெய்க் கறையா சாயக் கறையான்னு அப்பத்தானே தெரியும்?"

செக்கிங்கில் எல்லோரும் செய்வதுதான். விரலை நாக்கில் தொட்டு, கறையைத் தேய்த்து, மறுபடி நாக்கில் தொடுவார்கள். நானே ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். என் மகளின் முகம் வெளுத்துப்போனதைப் பார்த்த பிறகுதான் "மருந்து இருக்கு" என்று அவள் சொன்னது என் மண்டையில் ஏறியது. கேட்மியம் என்று ஒரு உலோகம் அதில் இருக்கிறது, அது விஷம். கல்லூரியில் கையுறை போடாமல் தொடவே விடமாட்டார்களாம். முழுதாகச் சொன்னால் அப்பா அனுப்ப மாட்டார் என்று எங்களிடம் சொல்லாமல் இருந்திருக்கிறாள்.

குழாயடிக்கு இழுத்துப் போய் சோப்புப் போட்டுக் கழுவினாள். பழைய பல் பிரஷ்ஷால் நகக்கண்ணைத் தேய்த்தாள். வாய் கொப்பளிக்கச் சொன்னாள். அத்தைக்கு முதலில் சிரிப்புத்தான். "எத்தனை சாயம் பாத்த கை இது. விடு பிள்ள, குடல் வரைக்கும் கழுவிருவ போலுக்கே" என்றாள். சொல்லி முடித்ததும் அந்த இடத்திலேயே குமட்டிக் குமட்டி வாந்தி எடுத்தாள்.

அதன் பிறகு யாரும் சிரிக்கவில்லை.

ஆட்டோ பிடித்து ஊத்துக்குளி ரோட்டில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஞாயிறு என்பதால் இளவயது டூட்டி டாக்டர் ஒருவர்தான். கேட்மியம் என்றதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். பேராசிரியரிடம் மகள் போனில் பேசினாள். கரைசலாகக் குடித்தாளா, காய்ந்த பூச்சா என்று அவர் கேட்டார். காய்ந்த பூச்சு என்றதும், அளவு மிகக் குறைவு, எளிதில் கரையாதது, இருந்தாலும் டாக்டர் பார்வையில் இருக்கட்டும் என்றாராம். குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, சாயங்காலம் டாக்டர் சொன்னார்: "இப்போதைக்குப் பயமில்லைங்க. ஆனா இந்தக் கேஸ் நான் பார்த்ததில்லை. நாளைக்குக் காலைல பெரிய டாக்டர் வருவார். கூட்டிட்டு வாங்க. இந்தப் பொண்ணு கண்டிப்பா வரணும். இவங்க வயித்துக்குள்ள என்ன போச்சுன்னு இந்தப் பொண்ணுக்குத்தான் தெரியும்."

நாளைக் காலை என்றால் திங்கட்கிழமை.

வீட்டுக்கு வந்ததும் அத்தைதான் முதலில் ஆரம்பித்தாள். அதற்குள் அவளுக்கு என்ன நடந்தது என்று புரிந்துவிட்டது. "அந்தக் கறைதான் படிப்புன்னு யாருக்குட்டி தெரியும்?" என்று ஒரு மூச்சு அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "மூணு மிச்சம் இருக்குல்லா? அதைக் கொண்டுட்டு நீ கோயமுத்தூர் போ. நான் ஒண்ணும் சாக மாட்டேன்" என்றாள்.

மூன்று துண்டு இருந்தால் போதும், அளந்துவிடலாம் என்று மகளே ஒத்துக்கொண்டாள். நானும் சொன்னேன்: "மருந்துப் பேரெல்லாம் ஒரு பேப்பர்ல எழுதிக் குடு கண்ணு. நான் டாக்டர்கிட்டக் காட்டிக்கறேன். நீ பஸ்ஸேறு."

அவள் அந்த மூன்றையும் எடுத்துப் பார்த்துவிட்டு டப்பாவை மூடினாள்.

"அவர் என்ன கேப்பார்னு எனக்கே தெரியாதும்மா. தெரியாத கேள்விக்கு எப்படி எழுதிக் குடுக்கறது?"

அவ்வளவுதான். காலையில் பேராசிரியருக்குப் போன் செய்து, கோயம்புத்தூர் வர முடியாது, நேரத்தை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள் என்றாள். போனை வைத்த பிறகு, முகம் கழுவப் போனவள் திரும்பி வர நேரமாயிற்று.

பெரிய டாக்டர் அவளை உட்கார வைத்துக் கேட்டார். பூச்சு எவ்வளவு கனம், எத்தனை முறை முக்கியது, அலசினீர்களா, வேறு என்ன கரைசல் ஒட்டியிருக்கும்? ஒன்றையும் நான் எழுதிக் கேட்ட பேப்பர் சொல்லியிருக்காது. இவள் நிதானமாகப் பதில் சொன்னாள். அவர் கணக்குப் போட்டுப் பார்த்து, இந்த அளவு உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஊசியோ பெரிய ஆஸ்பத்திரியோ தேவையில்லை, எதற்கும் சிறுநீர் மட்டும் சோதித்துவிடலாம் என்றார்.

"அப்ப வாந்தி எதுக்குங்க?" என்று கேட்டேன்.

அவர் அத்தையைப் பார்த்தார். "கறை எடுக்க என்ன மருந்தும்மா வெச்சுத் தேச்சீங்க?"

"கம்பெனி தின்னர் சார்."

"வயித்துக்கு ஏதாவது சாப்பிட்டிருந்தீங்களா?"

"கோயிலுக்குப் போறதால காலையில இருந்தே ஒண்ணும் திங்கல."

"அந்த வாடைதான். தலைவலி, கிறுகிறுப்பு அடிக்கடி வருமா?"

"அது எப்பவும் உள்ளதுதானே சார்? செக்கிங்ல எல்லாருக்கும் உண்டு. பதினோரு வருசமா இருக்கு."

டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டார். மகள் தலை குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அந்த செக்‌ஷனைத் தினமும் கடந்துதான் என் ஆபீசுக்குப் போகிறேன். அந்த வாடை எனக்குப் பழக்கம். யாருக்குத் தலைவலி என்று ஒருநாளும் கேட்டதில்லை. கேட்மியத்துக்குப் பயந்து ஆட்டோ பிடித்து ஓடினோம். தின்னருக்கு யாரும் ஓடவில்லை.

காற்றோட்டமான இடத்தில் உட்காருங்கள், முகத்தில் துணி கட்டுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வெளியே வந்ததும் அத்தை, "துணி கட்டிட்டு வேலை செஞ்சா சூப்பர்வைசர், என்ன கொள்ளையடிக்க வந்தியான்னு கேப்பான்" என்றாள். இப்போது ஜன்னல் பக்கம் டேபிள் மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு நான் மேனேஜரிடம் மூன்று முறை நடந்தேன். தின்னர் மட்டும் அதே தின்னர்தான்.

மகளின் அறிக்கையில் பூச்சின் நிறம், தடிமன் எல்லாம் இருந்தன. மின்சாரம் எவ்வளவு என்ற கட்டத்தில் 'அளவிடப்படவில்லை' என்று எழுதியிருந்தாள். நேர்முகத் தேர்வில் அதைத்தான் கேட்டார்களாம். இடம் கிடைக்கவில்லை. ஜூலையில் கோயம்புத்தூர் போய் அந்த மூன்று துண்டுகளையும் அளந்து பார்த்தாள். இரண்டில் மின்சாரமே வரவில்லை. ஒன்றில் சொல்லும்படியாக வந்தது. ஒழுங்காகச் சுட்ட துண்டு அது ஒன்றுதான் போலிருக்கிறது என்றாள். அதற்குள் அவள் கம்பெனியில் சேர்ந்துவிட்டாள்.

இப்போது மெர்ச்சண்டைசிங்கில் பையருக்குப் போகும் சாம்பிள்களை அவள்தான் செக்கிங்குக்கு எடுத்துப் போகிறாள். அத்தை பீஸை விரித்ததும் விரலை நாக்குக்குக் கொண்டுபோய், பாதியில் நிறுத்தி, சேலையில் துடைத்துக்கொள்வாள். பிறகு செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி, "ஏ பிள்ள, இது கறையா, படிப்பா?" என்பாள். "கறைதாங்க அத்தை, எடுங்க" என்பாள் இவள். டேபிளுக்கு டேபிள் அந்தக் கேள்வி பரவிவிட்டது. எல்லோரும் சிரிப்பார்கள். என் மகளும் சிரிப்பாள்.

இந்த ஆண்டு மறுபடி விண்ணப்பம் போட்டிருக்கிறாள். பதில் இன்னும் வரவில்லை. சாயங்காலம் அவளும் நானும் ஒரே பஸ்ஸில் வீடு திரும்பும்போது, ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கும் அவள் முகத்தைப் பார்த்தால், அன்று பிடிவாதமாக அனுப்பியிருக்கலாமோ என்று மனம் அரிக்கத்தான் செய்கிறது. ஆனால் அப்படி அனுப்பிவிட்டு, டாக்டர் கேட்ட ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு பேப்பரை நீட்டிக்கொண்டு அவளுடைய அத்தையின் பக்கத்தில் நான் உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம், என் மகள் என்னைக் கேட்காமல் முடிவு செய்தது நல்லதாயிற்று என்றே தோன்றுகிறது.